கிடா வாடகையில் பெயர் வாங்கிய ராபர்ட் பேக்வெல்: இனமும் தீவனமும் சேர்ந்து கறியை எப்படி மாற்றுகின்றன?



பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ வியாபாரி உங்கள் பட்டிக்கு வரும்போது எந்தக் கிடாவைக் கை காட்டுகிறார்? பட்டியிலேயே வேகமாக வளர்ந்த, நெஞ்சு அகன்ற, சதைப்பிடிப்பான கிடாவைத்தான். நல்ல விலை கிடைக்கிறது என்று நீங்களும் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிடுகிறீர்கள். வியாபாரிக்கு வேண்டாத கிடா பட்டியில் மிஞ்சுகிறது. அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகளுக்கு அதுதான் அப்பா. இப்படியே பத்து ஆண்டு நடந்தால் பட்டி என்ன ஆகும்? குட்டிகள் சிறுத்துக்கொண்டே போகும். தீவனம் போட்டாலும் உடம்பு ஏறவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோம்.

இதே தவற்றை 250 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்து விவசாயிகளும் செய்துகொண்டிருந்தார்கள். அதைத் திருப்பிப் போட்டவர் ஒரு குத்தகை விவசாயி. அவர் பெயர் ராபர்ட் பேக்வெல். அவர் செய்த நல்லதும் நமக்குப் பாடம், செய்த தவறும் நமக்குப் பாடம். எனவே அவருடைய கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

குத்தகை நிலத்தில் பிறந்தவர்

பேக்வெல் 1725-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில், லஃப்பரோ ஊருக்கு அருகில் டிஷ்லி என்னும் பண்ணையில் பிறந்தார். பண்ணை சுமார் 440 ஏக்கர். ஆனால் நிலம் சொந்தமில்லை. தாத்தா, அப்பா காலத்திலிருந்தே குத்தகைதான். அதில் ஏறக்குறைய கால் பங்கு உழவு நிலம், மற்றதெல்லாம் புல்வெளி.

இளம் வயதில் அவர் ஊர் ஊராகச் சுற்றினார். இங்கிலாந்தின் மற்ற பகுதிகளுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் போய், யார் எப்படி மாடு வளர்க்கிறார்கள், எப்படித் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அப்பாவுக்குத் துணையாக இருந்து, 1760 வாக்கில் பண்ணைப் பொறுப்பை முழுவதும் ஏற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டை அவருடைய சகோதரி கவனித்துக்கொண்டார்.

அந்தக் காலத்து நிலைமை என்ன தெரியுமா? செம்மறி ஆடு என்றால் கம்பளி உரோமத்துக்கு, மாடு என்றால் ஏருக்கும் பாலுக்கும். கறி என்பது கடைசியில் கிடைக்கும் உபரி. ஆடு மூன்று, நான்கு வயது வரை உரோமம் கொடுத்துவிட்டு, பிறகுதான் கசாப்புக்குப் போகும். கால் நீளம், எலும்பு கனம், முன்புறம் பெரிது, பின்புறம் சிறிது. பொதுமேய்ச்சல் நிலத்தில் எல்லாருடைய மந்தையும் கலந்து மேயும். எந்தக் கிடா எந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதே நேரத்தில் நகரங்கள் பெருகிக்கொண்டிருந்தன. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்வோருக்குக் கறி வேண்டும், அதிலும் கொழுப்புள்ள கறி வேண்டும். உடல் உழைப்பாளிக்கு அது மலிவான சத்து. பேக்வெல் இந்தத் தேவையைப் புரிந்துகொண்டார். இனிமேல் ஆட்டில் காசு வருவது உரோமத்தில் அல்ல, கறியில்தான் என்று முடிவு செய்தார்.

பேக்வெல் என்ன செய்தார்?

முதலாவதாக, கிடாக்களையும் பெட்டைகளையும் தனித்தனியாகப் பிரித்தார். எந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்பதை அவரே தீர்மானித்தார். இன்று நமக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்று அது புதுமை.

இரண்டாவதாக, என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார். ஆட்டின் உயரம் அவருக்கு முக்கியமில்லை. பீப்பாய் போல் உருண்ட உடம்பு, குட்டைக் கால், மெல்லிய எலும்பு, சிறிய தலை, சீக்கிரம் கொழுக்கும் தன்மை ஆகியவையே வேண்டும். தலை, கால், குடல், எலும்பு ஆகியவற்றுக்கு விலை குறைவு. தொடை, முதுகு, இடுப்புக் கறிக்குத்தான் விலை அதிகம். ஆடு தின்னும் தீவனம் எலும்பாகவும் குடலாகவும் போகாமல் விலையுள்ள இடத்தில் சதையாக ஏற வேண்டும் என்பதே அவருடைய கணக்கு.

மூன்றாவதாக, அறுத்த பிறகும் பார்த்தார். நல்ல ஆடு, மாடுகளை அறுக்கும்போது அவற்றின் எலும்புக்கூட்டையும், தொடைச் சந்து போன்ற துண்டுகளையும் உப்புநீரில் ஊறவைத்துப் பண்ணை வீட்டிலேயே வைத்திருந்தார். பாட்டனுக்கு எலும்பு எவ்வளவு தடிமன், பேரனுக்கு எவ்வளவு, மேல்கொழுப்பு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நம்மில் எத்தனை பேர், நாம் விற்ற ஆட்டின் கறி எப்படி இருந்தது என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறோம்?

நான்காவதாக, நல்லது என்று கண்ட குணத்தை நிலைநிறுத்த, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை செய்தார். அப்பாவோடு மகள், அண்ணனோடு தங்கை என்று சேர்த்தார். அக்காலத்து விவசாயிகள் இதைத் தகாத செயல் என்று முகம் சுளித்தார்கள். ஆனால் அப்படிச் சேர்த்ததால்தான் குட்டிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் பிறந்தன. நடுநாட்டின் பழைய நீள உரோம ஆடுகளிலிருந்து அவர் உருவாக்கிய இந்த இனத்துக்குப் புதிய லெஸ்டர் அல்லது டிஷ்லி ஆடு என்று பெயர். மற்ற ஆடுகள் மூன்று, நான்கு வயதில் அடைந்த கறிப்பக்குவத்தை இந்த ஆடு இரண்டு வயதிலேயே அடைந்தது.

மாட்டிலும் இதையே செய்தார். நீளக் கொம்பு மாடு என்ற இனத்தில் நல்ல கிடேரிகளையும் வடக்கிலிருந்து ஒரு காளையையும் வாங்கி வந்து தனி வழி உருவாக்கினார். அந்த வழியில் பிறந்த ஒரு காளைக்கு டூபென்னி, அதாவது இரண்டு காசு என்று பெயர். பெயர்தான் இரண்டு காசு, அதன் வாரிசுகளுக்கு இங்கிலாந்து முழுவதும் கிராக்கி. வண்டி இழுக்கும் கருங்குதிரைகளையும் வளர்த்தார். அவற்றில் ஒன்றை லண்டனுக்குக் கொண்டுபோய் அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கே காட்டினார்.

கிடாவை விற்கவில்லை, வாடகைக்கு விட்டார்

பேக்வெல் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமானது இதுதான். நல்ல கிடாவை அவர் விற்கவில்லை. ஒரு பருவத்துக்கு மட்டும் வாடகைக்கு விட்டார். பருவம் முடிந்ததும் கிடா திரும்பி வந்துவிடும்.

இதில் இரண்டு லாபம். ஒன்று, பணம். தொடக்கத்தில் ஒரு கிடாவுக்கு ஒரு பவுன்கூடக் கிடைக்கவில்லை. வாங்குவோர் சிரித்தார்கள். 1789-ல் மூன்று கிடாக்களுக்கு மட்டும் 1,200 கினி கிடைத்ததாகப் பதிவு உள்ளது. ஒரு கினி என்பது ஒரு பவுனைவிடச் சற்று அதிகம்.

இரண்டாவது லாபம் பணத்தைவிடப் பெரியது. வாடகைக்குப் போன கிடா பத்து ஊரில், பத்து வகை மேய்ச்சலில், பத்து வகைப் பெட்டைகளோடு சேர்ந்து குட்டிகளைக் கொடுக்கும். பேக்வெல் போய் அந்தக் குட்டிகளைப் பார்ப்பார். எந்தக் கிடாவின் குட்டிகள் எங்கே போனாலும் நன்றாக இருக்கின்றனவோ, அந்தக் கிடாவை மட்டும் தன் சொந்தப் பெட்டைகளுக்குப் பயன்படுத்துவார். கிடாவின் அழகை வைத்து அல்ல, குட்டிகளின் தரத்தை வைத்துக் கிடாவை மதிப்பிட்டார். இன்று பால் மாட்டுக்கு உறைவிந்துக் காளை தேர்வு செய்யும் நிலையங்களில் நடப்பதும் இதே முறைதான்.

பாரம்பரிய விதிகளைப் பட்டாணிச் செடியில் கண்டறிந்து மெண்டல் எழுதியது 1866-ல். அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே பேக்வெல் இறந்துவிட்டார். மரபணு என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. தராசும், கண்ணும், நினைவுமே அவருடைய கருவிகள்.

தீவனத்திலும் அதே கவனம்

பேக்வெல் என்றால் இனப்பெருக்கம் என்று மட்டும்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் அவர் தீவனத்தில் காட்டிய கவனம் அதற்குக் குறைந்ததல்ல. நல்ல இனத்தை வைத்துக்கொண்டு வயிற்றுக்குப் போடாவிட்டால் என்ன பயன்?

பண்ணை வழியாக ஓடிய ஓடையைத் திருப்பி, வாய்க்கால் வெட்டி, புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். நம் ஊரில் நெல்லுக்குச் செய்வதை அவர் புல்லுக்குச் செய்தார். பாய்ச்சல் உள்ள இடத்துக்கு அருகிலேயே பாய்ச்சல் இல்லாத துண்டு ஒன்றையும் விட்டுவைத்தார். பார்க்க வருவோர் இரண்டையும் பார்த்துத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். செயல்விளக்கத் திடல் என்று வேளாண்மைத் துறை இன்று அமைப்பதை அன்றே ஒரு குத்தகை விவசாயி அமைத்துவிட்டார்.

குளிர்காலத் தீவனத்துக்கு டர்னிப் கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிட்டார். கிழங்கை வண்டியில் ஏற்றாமல் வாய்க்காலில் மிதக்கவிட்டார். தண்ணீரே அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தது, வரும் வழியில் மண்ணும் கழுவிப் போயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெவ்வேறு இன ஆடுகளைத் தனித்தனிக் கொட்டடியில் அடைத்து, ஒவ்வொன்றுக்கும் போட்ட தீவனத்தை நிறுத்துப் போட்டு, ஆட்டின் எடையையும் நிறுத்துப் பார்த்தார். எது பெரிய ஆடு என்பதல்ல கேள்வி. தின்ற தீவனத்துக்கு எது அதிகக் கறி கொடுத்தது என்பதே கேள்வி. பெரிய ஆடு நிறையத் தின்னும். சின்ன ஆடு குறைவாகத் தின்று, ஏக்கர் கணக்கில் பார்த்தால் கூடுதலாகக் கறி கொடுக்கலாம். இந்தக் கணக்கை அவர் தெளிவாகப் போட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய பண்ணையில் அடி உதை கிடையாது. பெரிய காளைகளைச் சிறுவர்கள் கையில் ஒரு குச்சியோடு ஓட்டிப் போவதைப் பார்த்து வந்தவர்கள் வியந்தார்கள். குட்டியிலிருந்தே அன்பாகப் பழக்கியதன் பலன் அது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

பேக்வெல் கண்ணால் கண்டதற்கான காரணங்களை இன்று அறிவியல் சொல்கிறது. அவருடைய கதையைத் தொடர்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆடு, மாடுகளின் வயிற்றில் நான்கு அறைகள். முதலாவது பெரிய அறை ஒரு நொதித்தொட்டி மாதிரி. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆடு தின்னும் புல்லையும் தட்டையையும் உண்மையில் செரிப்பவை இந்த நுண்ணுயிர்கள்தாம். அவை நார்ச்சத்தை நொதிக்கவைத்து ஒருவகை அமிலங்களாக மாற்றுகின்றன. ஆட்டின் உடம்புக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. நுண்ணுயிர்களே பிறகு செரிமானமாகி ஆட்டுக்குப் புரதமும் ஆகின்றன.

இதனால்தான் தீவனத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது. புல் தின்று பழகிய ஆட்டுக்கு ஒரே நாளில் நிறைய மக்காச்சோளமோ அரிசியோ போட்டால், நொதித்தொட்டியில் புளிப்பு ஏறி நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ஆடு அசை போடாது, வயிறு உப்பும், கழியும், சில நேரம் இறந்தும் போகும். துள்ளுமாரி நோயும் இப்படித் திடீர் தீவன மாற்றத்தின்போதுதான் அதிகம் தாக்குகிறது. புதிய தீவனத்தை 10 முதல் 14 நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

தின்ற சத்து உடம்பில் எங்கே போகிறது? முதலில் உயிர் வாழ்வதற்கு. அடுத்து எலும்புக்கு. அதற்கடுத்து சதைக்கு. மிஞ்சியதுதான் கொழுப்புக்கு. இந்த வரிசை எல்லா ஆட்டுக்கும் ஒன்றே. ஆனால் கொழுப்பு ஏறத் தொடங்கும் வயதும் எடையும் இனத்துக்கு இனம் மாறும். அது பரம்பரையாக வருவது. பேக்வெல் செய்தது இதைத்தான்: கொழுப்பு ஏறும் காலத்தை முன்னுக்கு இழுத்தார்.

ஒரு கிலோ கொழுப்பு உண்டாக்க, ஒரு கிலோ சதை உண்டாக்குவதைவிட அதிகத் தீவனம் செலவாகும். எனவே பக்குவம் தாண்டியும் ஆட்டை வைத்திருந்து அடர்தீவனம் போட்டால், உங்கள் பணம் குடல் கொழுப்பாகத்தான் மாறும்.

கறியின் கொழுப்பு எப்படி இருக்கும் என்பதிலும் வயிற்றுக்குப் பங்கு உண்டு. தீவனத்தில் உள்ள எண்ணெய்ச் சத்தை வயிற்று நுண்ணுயிர்கள் கெட்டியான கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினால் மேலே வெள்ளையாக உறைவது இதனால்தான். பன்றிக்கு இந்த நொதித்தொட்டி இல்லை. அதனால் பன்றி எந்த எண்ணெய்ச் சத்தைத் தின்கிறதோ அதன் தன்மை நேரே அதன் கொழுப்பில் தெரியும்.

அடி, பயம், நீண்ட தூர வண்டிப் பயணம், தண்ணீர் இல்லாமை ஆகியவையும் கறியைக் கெடுக்கும். சதையில் சேமித்துள்ள சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகிறது. அறுத்த பிறகு கறி கறுத்து, ஒட்டும் தன்மையோடு, சீக்கிரம் கெட்டுப்போகும். சிறுவர்கள் குச்சியோடு ஓட்டிச் சென்ற பேக்வெல்லின் காளைகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயரும் புகழும், கடனும்

பேக்வெல்லின் பண்ணையைப் பார்க்க இங்கிலாந்து மட்டுமல்ல, பிரான்ஸ், ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங் வந்து பார்த்து எழுதியதால் பெயர் மேலும் பரவியது. வந்த எல்லாருக்கும் டிஷ்லி வீட்டில் சாப்பாடு, படுக்கை, குதிரைக்குத் தீவனம். பிரபுவாக இருந்தாலும் விவசாயியாக இருந்தாலும் ஒரே அடுக்களை மேசைதான்.

கிடாவில் வந்த பணம் பண்ணை மேம்பாட்டுக்கும் விருந்தோம்பலுக்கும் போதவில்லை. 1776-ல் அவர் கடனைக் கட்ட முடியாமல் திவாலானார். நாட்டிலேயே பெயர் பெற்ற கால்நடை வளர்ப்பாளருக்கு அந்த நிலை வந்தது. ஆனாலும் பட்டியை அவர் கைவிடவில்லை. பெரும்பணம் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1780-களில் அவரும் அவரைப் பின்பற்றிய சில கிடா வளர்ப்போரும் சேர்ந்து டிஷ்லி சங்கம் அமைத்தார்கள். கிடாவை எப்போது காட்டலாம், யாருக்கு விடலாம் என்று விதி வைத்து, இனத்தின் தூய்மையையும் வாடகையையும் காத்துக்கொண்டார்கள். பேக்வெல் தன் வழிமுறைகளை எழுதி வைக்கவில்லை. எந்த இனத்தை எதோடு கலந்தார் என்பதை யாரிடமும் முழுமையாகச் சொல்லவில்லை.

கிடா தன் கைப்பிடியை விட்டுப் போகக் கூடாது என்பதில் அவர் எவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு ஒரு கதை உண்டு. கசாப்புக்கு விற்கும் ஆடுகளை யாரும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, கோடையில் தண்ணீர் தேக்கிய புல்வெளியில் மேயவிட்டு ஈரல் நோய் வரச்செய்து விற்றார் என்று அக்காலத்தவர் எழுதியுள்ளனர். அந்த நோய்க்குக் காரணமான தட்டைப்புழு நத்தை மூலம் பரவுகிறது என்பது அவர் இறந்து ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் ஈரப் புல்வெளியில் மேய்ந்தால் ஈரல் கெடும் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். நாம் இதை நேர்மாறாகப் பயன்படுத்த வேண்டும்: மழைக்காலத்தில் குளக்கரை, தேங்கிய வயல் ஓரங்களில் ஆடுகளை மேயவிடாதீர்கள்.

பேக்வெல் 1795 அக்டோபர் 1-ஆம் தேதி, 70 வயதில் காலமானார். டிஷ்லியிலேயே உள்ள சிறிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கட்டடம் இன்று இடிந்து கிடக்கிறது.

அவர் செய்த தவறு

இப்போது இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். ஒரே குணத்தை மட்டும் துரத்தினால் மற்ற குணங்கள் கையைவிட்டுப் போகும். பேக்வெல்லின் ஆடுகளுக்கு அதுதான் நடந்தது.

புதிய லெஸ்டர் பெட்டைகள் இரட்டைக் குட்டி ஈனுவது குறைந்தது. குட்டிக்குப் பால் போதவில்லை. கறியில் கொழுப்பு மிகுந்து, சுவை குறைவு என்று வசதியுள்ளவர்கள் ஒதுக்கினார்கள். நீளக் கொம்பு மாடு நன்றாகக் கொழுத்தது, ஆனால் பால் வற்றிப் போயிற்று. பாலும் கறியும் தந்த குட்டைக் கொம்பு மாடுகள் வந்ததும் விவசாயிகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், குட்டைக் கொம்பு மாட்டை மேம்படுத்திய காலிங் சகோதரர்களில் ஒருவர் டிஷ்லிக்கு வந்து பேக்வெல்லின் முறையைப் பார்த்துப் போனவர்தான்.

நெருங்கிய உறவுக்குள் தொடர்ந்து சேர்த்தால் நல்ல குணம் நிலைப்பது உண்மை. ஆனால் மறைந்திருக்கும் கெட்ட குணங்களும் அதோடு சேர்ந்து வெளிவரும். சினைப் பிடிப்பு குறையும், குட்டி இறப்பு கூடும், நோய் எதிர்ப்பு குறையும். நூற்றுக்கணக்கான ஆடு வைத்து, குறையுள்ளதை எல்லாம் கழித்துக் கட்டியவர் பேக்வெல். பத்து, இருபது ஆடு வைத்திருக்கும் நாம் அப்படிச் செய்ய முடியாது.

ஆனால் அவருடைய இனம் கலப்புக்கு மிகவும் பயன்பட்டது. அவரிடம் பாடம் கற்ற கல்லி சகோதரர்கள் வடக்கே கொண்டுபோன ஆடுகளிலிருந்து பார்டர் லெஸ்டர் இனம் வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா வரை அந்த இரத்தம் பரவியது. டார்வின் தன் புகழ்பெற்ற நூலில், மனிதன் தேர்ந்தெடுத்தே கால்நடையின் உருவத்தை மாற்ற முடியும் என்பதற்குப் பேக்வெல்லின் ஆடுகளை எடுத்துக்காட்டாகக் காட்டினார்.

உங்கள் பட்டியில் என்ன செய்யலாம்?

1. வேகமாக வளரும் கிடாக்களில் முதலாவதை விற்காதீர்கள். அதைப் பொலிகிடாவாக வைத்துக்கொண்டு இரண்டாவதை வியாபாரிக்குக் கொடுங்கள். அன்று ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் குறையலாம். அடுத்த ஆண்டு பிறக்கும் அத்தனை குட்டியிலும் அது திரும்ப வரும்.

2. இனமா, தீவனமா என்று பிரித்துப் பாருங்கள். ஒற்றையாகப் பிறந்த குட்டி தாயின் பால் முழுவதையும் குடித்துப் பெரிதாகத் தெரியும். இரட்டையில் ஒன்று பாதிப் பாலில் வளர்ந்து சற்றுச் சிறிதாக இருக்கும். உண்மையில் இரண்டாவதுதான் நல்ல வாரிசாக இருக்கலாம். வீட்டு வாசலில் கட்டி அரிசி, கஞ்சி கொடுத்து வளர்த்த கிடாவையும் மேய்ச்சலில் மட்டும் வளர்ந்த கிடாவையும் ஒப்பிடாதீர்கள். ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே தீவனம் தின்றவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

3. எடை போடுங்கள். பிறந்த அன்று, 3 மாதத்தில், 6 மாதத்தில் என மூன்று முறை போதும். ஒரு தொங்கு தராசும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். காதில் எண் வில்லை போட்டு, தாய் எது, தகப்பன் எது என்று எழுதி வையுங்கள்.

4. எடையை மட்டும் பார்க்காதீர்கள். தாய் ஆட்டுக்குப் பால் இருந்ததா, இரட்டைக் குட்டி ஈன்றதா, குட்டிகளைக் காப்பாற்றியதா என்றும் பாருங்கள். பேக்வெல் தவறவிட்டது இதைத்தான்.

5. 25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கிடாவை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அது தன் மகள்களோடே சேரும். பக்கத்து ஊர் விவசாயிகள் நான்கைந்து பேர் சேர்ந்து நல்ல கிடாக்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். பேக்வெல்லின் வாடகை முறை நமக்கு இப்படிப் பயன்படும். மாற்றும்போது தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கிடாவை மூன்று வாரமாவது தனியே கட்டி, நோய் இல்லை என்று பார்த்த பிறகு பட்டியில் சேருங்கள்.

6. பசுந்தீவனம், உலர்தீவனம், அடர்தீவனம் மூன்றும் கலந்து கொடுங்கள். வேலிமசால், அகத்தி போன்றவற்றிலிருந்து புரதம் கிடைக்கும். சூபாபுல் தழை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

7. விற்பதற்கு முன் கூடுதல் தீவனம் கொடுத்துத் தேற்ற நினைத்தால், முதுகெலும்பையும் விலாவையும் தடவிப் பாருங்கள். எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் இன்னும் சதை ஏற இடம் இருக்கிறது. எலும்பே கையில் தட்டுப்படாவிட்டால் இனிமேல் போடும் தீவனம் கொழுப்புக்குத்தான்.

8. வண்டியில் ஏற்றும் அன்று அடிக்காதீர்கள், காலைக் கட்டித் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீர் காட்டி ஏற்றுங்கள்.

பேக்வெல்லிடம் கணினியும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. அவர் இருந்த நிலம்கூட அவருடையது இல்லை. சிறந்ததை விற்காமல் வைத்துக்கொள்ளும் மன உறுதியும், நிறுத்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தன. அவை இரண்டும் நமக்கும் முடியும். அடுத்த முறை வியாபாரி வந்து நல்ல கிடாவைக் கை காட்டும்போது, அது விற்பனைக்கு இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.